அமர்த்து

உட்காருங்கள் சார். உள்ளே ஒரு பெண் போயிருக்கிறாள். ஒரு சமயத்தில் ஒருவரைத்தான் விடுவார்கள். அவள் வெளியே வந்தபிறகு நீங்கள் போகலாம். எனக்காகத் தயங்க வேண்டாம், நான் வரிசையில் இல்லை. சும்மா உட்கார்ந்திருக்கிறேன்.

அந்தப் பலகையைப் படித்துவிட்டீர்களா? படியுங்கள், ஆனால் நம்பாதீர்கள். மேலே 'அமர்த்து' என்று தலைப்பு இருக்கிறதல்லவா, அது சரி. அதற்குக் கீழே 'உலகா' என்று இருப்பதும் பாதி சரி. முழுப்பேர் உலகம்மாள், வெளியூர் போனதும் பாதியை வெட்டிவிட்டாள். அதற்கும் கீழே வெளிச்சம், வெளி, காலம் என்று என்னவெல்லாமோ எழுதி, வெள்ளைக்காரர் இரண்டு பேரையும் ஒரு ஜப்பான்காரரையும் சொல்லி, இவர்களுடைய தாக்கம் என்று போட்டிருக்கிறார்களே, அதைத்தான் நம்பாதீர்கள் என்கிறேன். அந்த ஜப்பான்காரர் யார் என்று என் தங்கைக்குத் தெரிந்ததே முப்பது வயதுக்கு மேல். அதற்கு முன்னால் அவளுக்கு வெளிச்சம் என்றால் என்னவென்று காட்டியது யார்?

ஆமாம், தங்கைதான். கூடப்பிறந்த தங்கை. நான் தளவாய், பாளையங்கோட்டை. தினமும் பஸ் பிடித்துத் தூத்துக்குடிக்கு வந்து இந்தப் பழைய கிட்டங்கியில் உட்கார்ந்துவிட்டுப் போகிறேன். ஒருகாலத்தில் பஞ்சு மூட்டை அடுக்கிய இடம் இது, இப்போது கலைக்கண்காட்சி. வாசலில் நிற்கிற பெண் என்னை முறைக்கிறாள், பார்க்கிறீர்களா? அவளும் இன்னொரு பையனும் முந்தாநாள் என்னிடம் வந்தார்கள். "அங்கிள், வர்றவங்ககிட்ட எதுவும் சொல்லாதீங்க. அவங்களா உள்ள போய் ஃபீல் பண்ணட்டும்" என்றார்கள். பண்ணட்டும், நான் என்ன கையையா பிடித்து இழுக்கிறேன்? பெஞ்சு போட்டிருக்கிறார்கள். பெஞ்சு இருந்தால் மனிதன் உட்காருவான், உட்கார்ந்தால் பேசுவான். பிடிக்கவில்லை என்றால் பெஞ்சை எடுத்துவிட்டுப் போகட்டும்.

இந்த விவகாரம் ஆரம்பித்தது பெனிட்டா என்கிற பிள்ளையால். சென்னையில் ஓவியம் படிக்கிற பிள்ளை. ஐப்பசி மழையில், தோளில் ஒரு பையோடு நனைந்துகொண்டே வந்து என் வீட்டுக் கதவைத் தட்டினாள். உலகா மேடத்தைப் பற்றி ஆராய்ச்சி செய்கிறாளாம். அவள் மேடம் ஆகிவிட்டது எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். விலாசத்தை உலகா கொடுக்கவில்லை. உலகா படித்த பள்ளிக்கூடத்தில் போய்க் கேட்டு, பழைய தெருவைக் கண்டுபிடித்து, அங்கிருந்து விசாரித்து வந்திருக்கிறாள். கெட்டிக்காரப் பிள்ளை. என் வீட்டுக்காரி வடிவு துண்டு எடுத்துக் கொடுத்தாள், அந்தப் பிள்ளை தலையைத் துவட்டிக்கொண்டே கேள்வி கேட்க ஆரம்பித்துவிட்டாள்.

வெளிச்சத்தை வைத்துக் கலை செய்கிறவர்கள் உலகத்தில் நிறையப் பேராம். ஒருவர் ஒரு அறை முழுக்க நீலமாக்கி வைப்பாராம், ஒருவர் ட்யூப்லைட்டை வெறுமனே சுவரில் சாத்தி வைப்பாராம், அதற்கு உலகம் முழுக்க மரியாதையாம். உலகா மேடம் அதே வழியில் வந்தவர்தான், ஆனால் அவருக்குள் நம்ம ஊர் வெளிச்சம் ஒன்று இருக்க வேண்டும், அதைத் தேடி வந்திருக்கிறேன் என்றாள் அந்தப் பிள்ளை. கார்த்திகைக்கு வீட்டில் நிறைய விளக்கு வைப்பீர்களா என்றாள். நாலைந்து வைப்போம், அதையும் காற்று கொண்டுபோய்விடும் என்றேன். கோயில் கொடைத் திருவிழாவுக்கு சீரியல் லைட் போடுவார்களே, மேடம் அதை உட்கார்ந்து பார்ப்பார்களா என்றாள். மேளச் சத்தம் கேட்டாலே அவள் காதைப் பொத்திக்கொண்டு வீட்டுக்குள் ஓடிவிடுவாள் என்றேன். சர்ச்சில் தொங்குகிற நட்சத்திரமாவது என்றாள். நான் சொன்னேன், பாப்பா, எங்கள் வீட்டில் இருந்தது ஒரு குண்டு பல்பு, நாற்பது வாட், வேண்டுமானால் அதைப் பற்றிக் கேள்.

அவளுக்கு அது சுரத்தாக இல்லை. முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது. தான் எழுதி முடித்த ஒரு அத்தியாயத்தைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தாள். இந்த 'அமர்த்து' இருக்கிறதே, இதைப் பற்றித்தான். அமர்த்துதல் என்றால் உட்கார வைப்பது. வேலைக்கு ஆள் அமர்த்துவது, குழந்தையை மடியில் அமர்த்துவது. அப்படி உலகா மேடம் வெளிச்சத்தை ஒரு விருந்தாளி மாதிரி அழைத்துவந்து அறைக்குள் உட்கார வைக்கிறார். இன்ஸ்டலேஷன் என்கிற சொல்லுக்கே இதைவிட அழகான தமிழ் கிடையாது. இப்படி எழுதியிருக்கிறாளாம். அவளுடைய பேராசிரியர் அந்த அத்தியாயத்தை வகுப்பில் எல்லோருக்கும் வாசித்தே காட்டினாராம்.

எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை சார். இருமல் வந்துவிட்டது. வடிவு அடுக்களையிலிருந்து எட்டிப் பார்த்தாள்.

"ஏன் அங்கிள் சிரிக்கிறீங்க?"

"பாப்பா, உங்க ஊர்ல ராத்திரி படுக்கும்போது லைட்டை என்ன செய்வீங்க?"

"ஆஃப் பண்ணுவோம்."

"தமிழ்ல?"

"அணைப்போம்."

"நாங்க அமத்துவோம்."

அந்தப் பிள்ளை துண்டைத் தலையில் வைத்தபடி அப்படியே இருந்தாள். நான் விளக்கினேன். எங்கள் பக்கத்தில் விளக்கை அணை என்று சொல்வது ஒரு மாதிரி அபசகுனம். அமர்த்து என்போம், பேச்சில் அமத்து. லைட்ட அமத்து, அடுப்ப அமத்து. உன் மேடம் வைத்திருக்கிற பேருக்கு அர்த்தம், வா, வந்து உட்கார் இல்லை. லைட்டை நிறுத்து, அவ்வளவுதான்.

"வீட்ல யார் அங்கிள் அப்படிச் சொல்லுவாங்க?"

"வேற யாரு. நான்தான்."

அவள் போனை எடுத்து மேஜைமேல் வைத்து, பதிவு பண்ணிக்கட்டுமா என்று கேட்டாள். பண்ணு என்றேன். ஒளிக்க என்ன இருக்கிறது? உங்களிடமும் அதையேதான் சொல்லப்போகிறேன்.

அப்பா போனபோது எனக்கு இருபத்துமூன்று வயது, உலகாவுக்குப் பதினைந்து. அம்மாவுக்கு வீட்டைத் தவிர எதுவும் தெரியாது. நாங்கள் இருந்தது வளவு வீடு. ஒரே காம்பவுண்டுக்குள் எதிரும் புதிருமாக இரண்டு வரிசை வீடு, நடுவில் ஒரு முற்றம், எந்த வீட்டில் யார் தும்மினாலும் எல்லோருக்கும் கேட்கும். நான் ஒரு பிரஸ்ஸில் கணக்கு எழுதினேன். கல்யாணப் பத்திரிகை அடிக்கிற பிரஸ். பிழையாகிப்போன பத்திரிகைகள் கட்டுக்கட்டாகக் கிடக்கும். அதை நான்தான் உலகாவுக்கு எடுத்து வந்து கொடுப்பேன். ஒரு பக்கம் மணமகன் மணமகள், மறுபக்கம் வெறும் தாள். அந்த வெறும் பக்கத்தில் வரைவாள். இதைப் பலகையில் எழுதியிருக்கிறார்களா, பாருங்கள். இல்லை. தாள் கொடுத்தவனை யாரும் எழுதுவதில்லை.

வரையட்டும், நான் வேண்டாம் என்று சொன்னதே இல்லை. பகலில் வரையட்டும். அவள் ராத்திரிதான் வரைவாள். பகலில் பள்ளிக்கூடம், வந்தால் தண்ணீர் எடுக்கிற வேலை, அம்மாவுக்குக் கைவேலை, எல்லாம் முடிந்து எல்லோரும் படுத்தபிறகுதான் தாளை எடுப்பாள். ஒரு நாள் எதிர்வீட்டு ஆள் என்னிடம் கேட்டார். பல்லைக் குத்திக்கொண்டு, சிரித்துக்கொண்டுதான் கேட்டார். "என்னடே தளவாய், உன் தங்கச்சிக்கு உறக்கம் வராதோ? ராப்பூரா லைட் எரியுது, யாருக்கு சிக்னல் போடுதா?"

உங்களுக்குத் தங்கை இருக்கிறாளா சார்? இருந்தால் சொல்லுங்கள். வயசுப்பிள்ளை இருக்கிற வீட்டைப் பார்த்து ஒருவன் இப்படிக் கேட்டால் அண்ணன்காரன் என்ன செய்ய வேண்டும்? அந்த ஆளை நாலு வார்த்தை கேட்டிருக்கலாம் என்று இப்போது தோன்றுகிறது. படுத்தால் சில நாள் அதே யோசனைதான். ஏன் கேட்காமல் வந்தோம், வாய் இல்லையா நமக்கு என்று. அப்புறம் நானே சொல்லிக்கொள்வேன், அவர் வளவுச் சொந்தக்காரருக்கு மச்சான், கேட்டிருந்தால் மறுமாதம் நாங்கள் தெருவில் நின்றிருப்போம். ஆக, எனக்குத் தெரிந்த ஒரே வழி வீட்டுக்குள் இருந்தது. அதைச் செய்தேன்.

ஒன்பது மணி ஆனால் சொல்வேன். ஏட்டி உலகா, லைட்ட அமத்து. இந்தா அமத்துதேன் என்பாள். கொஞ்சம் பொறுத்து இன்னொரு தடவை சொல்வேன். ம் என்பாள். மூன்றாவது தடவையும் சொல்வேன். மூன்று தடவை, சார். எந்த அண்ணன் மூன்று தடவை சொல்வான்? அதற்கும் மேலே எரிந்தால் எழுந்துபோய் மீட்டர் பலகையிலிருந்து ஃபீஸ் கட்டையை உருவிவிடுவேன். வெள்ளைப் பீங்கான் கட்டை, உருவினால் வீடு முழுக்கக் கரண்ட் போய்விடும். அதைத் தலையணைக்கு அடியில் வைத்துப் படுத்துக்கொள்வேன். லைட் போனால் ஃபேனும்தான் போகும். எனக்கும்தான் காற்று கிடையாது, எனக்கும்தான் கொசு கடித்தது. அவள் ஒருத்தி மட்டும் இருட்டில் இருந்த மாதிரி பேசுகிறார்கள்.

அப்போதும் அவள் விடமாட்டாள். இருட்டிலேயே வரைவாள். பென்சில் தாளில் கீறுகிற சத்தம் எனக்குக் கேட்கும். காலையில் பார்த்தால் ஒரு முகத்துக்கு மேல் இன்னொரு முகம், ஒரு மூக்குக்குள் இன்னொரு மூக்கு, கோட்டுக்கு மேல் கோடு, கண் எது காது எது என்று தெரியாது. அதையெல்லாம் எடுத்து வெந்நீர் அடுப்புப் பற்றவைக்கப் போட்டுவிடுவேன். பாத்தியாட்டி, இருட்டுல செஞ்ச வேலையை என்பேன். அவள் அடுப்பு எரிகிறதைப் பார்த்துக்கொண்டே நிற்பாள். குளிக்கப் போ, பள்ளிக்கூடத்துக்கு நேரமாச்சு என்று அம்மா கத்துவாள், அப்போதும் நகரமாட்டாள். வெளிச்சத்தை இப்படி உற்றுப் பார்க்க அவள் கற்றுக்கொண்டது அந்த அடுப்பின் முன்னால்தான் என்று பெனிட்டாவிடம் சொன்னேன். எழுதிக்கொள் என்றேன்.

பெனிட்டா எழுதவில்லை. என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஆராய்ச்சி செய்கிறவர்களுக்குப் பெரிய விஷயம் கிடைத்துவிட்டால் கை ஓடாதுபோல. வடிவு காப்பி கொண்டுவந்து வைத்தாள். வைத்துவிட்டு, "இந்தக் கதைய ஏன் அந்தப் பிள்ளைட்ட சொல்லுதீய? பெருமையாவா இருக்கு?" என்றாள். ஏன், எனக்கு என்ன கேவலம் என்று கேட்டேன். அவள் டம்ளரை அந்தப் பிள்ளை பக்கமாக நகர்த்தினாள். வடிவுக்குக் கலை பற்றி எதுவும் தெரியாது.

பதினெட்டு வயதில் உலகாவுக்குச் சென்னையில் ஓவியக் கல்லூரியில் இடம் கிடைத்தது. நான் முடியாது என்றேன். தனியாக ஒரு பெண், அந்த ஊரில், அதுவும் படம் வரையவா என்றேன். நான் பிரஸ்ஸுக்குப் போயிருந்த நேரம் பார்த்து அம்மா அவளை ரயில் ஏற்றிவிட்டாள். சாயங்காலம் வந்து ஸ்விட்சைப் போடுகிறேன், எரியவில்லை. பலகையைத் திறந்தால் ஃபீஸ் கட்டை இல்லை. போகும்போது உருவிக்கொண்டு போயிருக்கிறாள். கடை எல்லாம் அடைத்துவிட்ட நேரம். அம்மாவும் நானும் அன்றைக்கு இருட்டிலேயே சோறு சாப்பிட்டோம். இதை நான் யாரிடமும் புகார் சொன்னதில்லை. உங்களிடம்தான் சொல்கிறேன், பேச்சு வந்ததால். வளர்த்த அண்ணனுக்கு ஒரு தங்கை வைத்துவிட்டுப் போன இருட்டு அது. அதற்குப் பிறகு அம்மா செத்த அன்றைக்கு வந்தாள். மூன்று நாள் ஒரே வீட்டில் இருந்தோம். நான் இருந்த அறைக்குள் அவள் வரவில்லை. அவளாகவும் பேசவில்லை, நானாகவும் பேசவில்லை. மூத்தவன் நான் ஏன் முதலில் பேச வேண்டும்?

சரி, விஷயத்துக்கு வருகிறேன். பெனிட்டாவின் ஆராய்ச்சியில் 'தாக்கங்கள்' என்று ஒரு தலைப்பு. அதற்குக் கீழே அந்த வெள்ளைக்காரர்கள், ஜப்பான்காரர். நான் கேட்டேன், பாப்பா, நியாயமாகப் பார்த்தால் இதில் முதல் பேர் யாருடையது? பேர் வைத்தது என் வாயிலிருந்து வந்த சொல்லில். தாள் என்னுடையது. இருட்டு நான் கொடுத்தது. இருட்டு இல்லாமல் எவன் வெளிச்சத்தைப் பற்றி யோசிக்கப்போகிறான்? எழுது, முதல் தாக்கம், அண்ணன் தளவாய், பாளையங்கோட்டை. இப்படிச் சொன்னேன். பேருக்காகச் சொன்னேன் என்று நினைக்காதீர்கள். அச்சில் வந்தால் அவள் படிப்பாள் அல்லவா. படித்தால் ஆமாம் என்றோ இல்லை என்றோ என்னிடம் ஏதாவது சொல்லித்தானே ஆகவேண்டும். எனக்கு அது போதும்.

மேடத்தைக் கேட்காமல் போட முடியாது என்றாள் பெனிட்டா. கேள் என்றேன். இப்போதே கேள் என்றேன். அவள் தயங்கித் தயங்கி வாசலுக்குப் போய் போன் பண்ணினாள். மழை கொஞ்சம் விட்டிருந்தது. நெடுநேரம் பேசினாள், பெரும்பாலும் கேட்டுக்கொண்டுதான் நின்றாள். பிறகு உள்ளே வந்து போனை மேஜையில் வைத்தாள். "மேடம், அவர் பக்கத்துலதான் இருக்கார், ஸ்பீக்கர்ல போட்டுட்டேன்" என்றாள்.

அவள் குரல் சார். எத்தனை வருடம். கொஞ்சம் தடித்திருந்தது, அவ்வளவுதான்.

"பெனிட்டா, அவர் சொன்னது அத்தனையும் நெசம். ஒரு எழுத்து மாத்தாமப் போட்டுக்கோ."

"'தாக்கங்கள்'ங்கிற தலைப்புக்குக் கீழயா மேடம்? அவர் அதைத்தான் கேக்குறார்."

லைன் போய்விட்டதோ என்று நினைத்தேன்.

"ஆமா. தாக்கம்தான். அதைவிடச் சரியான வார்த்தை தமிழ்ல கிடையாது."

கேட்டீர்களா? அவள் வாயாலேயே சொல்லிவிட்டாள். நான் வடிவைப் பார்த்தேன், கேட்டுக்கோ என்கிற மாதிரி. வடிவு எழுந்து அடுக்களைக்குள் போய்விட்டாள். அந்தப் பிள்ளை பெனிட்டா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு ஏமாற்றம், ஒரு அத்தியாயம் முழுக்கத் திருத்தி எழுத வேண்டும் அல்லவா. நான் போனுக்குப் பக்கத்தில் குனிந்தேன். உலகா, அண்ணன் பேசுதேன் என்றேன். முதலில் பேசியது நான்தான், அதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

அவள் என்னிடம் பேசவில்லை. பெனிட்டாவிடம்தான் சொன்னாள். "தூத்துக்குடியில வைக்கிறோம்லா, அங்க அவரை ஒரு தடவை உள்ள போயிட்டு வரச் சொல்லு. அதுக்கப்புறம் நான் பேசுதேன்."

பேசுறேன் என்று சொல்லவில்லை சார், பேசுதேன் என்றாள். எத்தனை ஊர், எத்தனை நாடு. அந்தத் 'தே' மட்டும் அப்படியே இருக்கிறது.

அதனால்தான் வந்தேன். முதல்நாளே வந்தேன், வடிவு சலவைச் சட்டை எடுத்து வைத்தாள். இதே இடத்தில் உட்கார்ந்து, என் முறை வந்ததும் எழுந்து போனேன். வாசலில் நிற்கிற அந்தப் பெண் என் உள்ளங்கையில் ஒன்றை வைத்தாள். ஃபீஸ் கட்டை. எங்கள் வீட்டுக் கட்டைதான். ஓரத்தில் ஒரு மூலை உடைந்திருக்கும், என் கைக்குத் தெரியாதா? உங்கள் கையிலும் வைப்பாள். பயப்படாதீர்கள், கரண்ட் அடிக்காது, உள்ளே என்னவோ மாற்றி வைத்திருக்கிறார்கள். வைத்துவிட்டு விதியைச் சொன்னாள். உள்ளே இருட்டாக இருக்கும். சுவரைத் தடவிப் பார்த்து இந்தக் கட்டையைச் சொருக வேண்டும். சொருகினால் ஒரு பல்பு எரியும். மேஜை இருக்கும், தாள் இருக்கும், பென்சில் இருக்கும். உட்கார்ந்து வரையலாம், எழுதலாம், சும்மாவும் இருக்கலாம். வெளியிலிருந்து கதவைத் தட்டுவோம். தட்டியதும் கட்டையை உருவி எடுத்துக்கொண்டு வெளியே வந்துவிட வேண்டும். அடுத்தவர் இருட்டில்தான் உள்ளே வர வேண்டும். இவ்வளவுதான் விதி.

சரி என்று உள்ளே போனேன். கதவைச் சாத்தினார்கள். நல்ல இருட்டு. எனக்கு என்ன, பழகின இருட்டு. எங்கள் வீட்டில் மீட்டர் பலகை வாசலுக்கு வலது கைப்பக்கம், தலை உயரத்தில். கண்ணை மூடிக்கொண்டு உருவுவேன். அங்கே தடவினேன். இல்லை. இடது பக்கம் தடவினேன். இல்லை. சுவர் முழுக்கத் தாளாக ஒட்டியிருக்கிறாள், கை வைத்த இடமெல்லாம் சரசரவென்று சத்தம். அந்தச் சத்தம் ஒரு மாதிரி, என்னவென்று சொல்ல, யாரோ பக்கத்தில் உட்கார்ந்து வரைந்துகொண்டிருக்கிற மாதிரி இருந்தது. உலகா என்று கூப்பிட்டுவிட்டேன். கூப்பிட்டது எனக்கே அப்புறம்தான் தெரிந்தது. கதவைத் திறந்தார்கள். வெளியே வந்துவிட்டேன். முழங்கால் வலி என்று சொன்னேன், நிஜமாகவே அன்றைக்கு வலிதான்.

பிறகு உள்ளே போய்வந்தவர்களிடம் விசாரித்தேன். பலகை வாசல் பக்கத்திலேயே இல்லையாம். எதிர்ச் சுவரில், மேஜைக்குக் கீழே, தரையோடு இருக்கிறதாம். தரையில் உட்கார்ந்து தேடினால்தான் அகப்படுமாம். எந்த வீட்டில் சார் மீட்டர் பலகையைத் தரையில் வைப்பார்கள்? தப்பாக வைத்திருக்கிறாள். வேண்டுமென்றே என் கைக்கு எட்டாத இடத்தில் வைத்திருக்கிறாள். ஐம்பத்தேழு வயதில் நான் மண்டிபோட்டுத் தேட வேண்டுமா? மாட்டேன். இதை பெனிட்டாவிடமும் போன் பண்ணிச் சொல்லிவிட்டேன். அந்தப் பிள்ளை, "முயற்சி பண்ணுங்க அங்கிள்" என்றது. முயற்சி எல்லாம் சின்னவர்கள் பண்ண வேண்டியது.

சுவரில் ஒட்டியிருக்கிறதெல்லாம் கல்யாணப் பத்திரிகையின் பின்பக்கமாம். கோட்டின்மேல் கோடாக முகங்களாம். எல்லாவற்றையும் நான் எரித்துவிட்டேன் என்றுதான் நினைத்திருந்தேன். அம்மா கொஞ்சம் எடுத்து ஒளித்து வைத்திருப்பாளோ, இல்லை இவளே மறுபடி இருட்டில் உட்கார்ந்து வரைந்தாளோ, தெரியவில்லை. ஒரு கல்லூரிப் பையன் சொன்னான், எல்லாம் ஒரே ஆளுடைய முகம் மாதிரி இருக்கிறது சார், படுத்துத் தூங்குகிற ஒரு ஆள் என்று. யார் அது, அப்பாவா இருக்கும் என்றேன். இல்லை, இளவயதுக்காரர், கை தலையணைக்குக் கீழே இருக்கிறது என்றான். வெளிச்சத்தில் ஒருமுறை பார்த்தால் யாரென்று எனக்குத் தெரிந்துவிடும். அதற்காகத்தான் சொல்கிறேன்.

தட்டுகிறாள், கேட்டீர்களா? அவ்வளவுதான், உள்ளே போன பெண் இப்போது வெளியே வந்துவிடுவாள். பாருங்கள், ஒரே ஒரு தடவைதான் தட்டுகிறார்கள். நான் மூன்று தடவை சொல்வேன்.

சார், கொஞ்சம் இப்படி வாருங்கள், வாசலில் நிற்கிறவளுக்குக் கேட்க வேண்டாம். கண்காட்சி இன்றோடு முடிகிறது. சாயங்காலம் உலகா வருகிறாள், எல்லாவற்றையும் பிரித்து எடுத்துக்கொண்டு போக. பெனிட்டாதான் சொன்னாள். அதற்குள் நான் உள்ளே போய் வந்திருந்தால் பேசுவாள். போகவில்லை என்றால் பேசமாட்டாள், அவளை எனக்குத் தெரியும், பிடித்த பிடி. நானும் அப்படித்தான், ஒரே வயிற்றில் பிறந்தவர்கள். அவள் சொன்ன இடத்தில் நான் தரையில் தவழப்போவதில்லை. ஆனால் உள்ளே போகமாட்டேன் என்று நான் சொல்லவில்லை. நீங்கள் போய்ச் சொருகுங்கள். எரியட்டும். அவர்கள் தட்டினால் கட்டையை உருவாதீர்கள். அப்படியே விட்டுவிட்டு வெறும் கையோடு வெளியே வாருங்கள். மறந்துவிட்டேன் என்று சொல்லுங்கள், என்ன செய்துவிடுவார்கள்? கதவு திறந்திருக்கும்போதே நான் எழுந்து போய்விடுவேன். என் வீட்டுக் கட்டை, என் தங்கை வைத்த லைட்டு, எனக்கு எரிந்துகொண்டிருக்கும்போது பார்க்க உரிமை இல்லையா?

யோசிக்கிறீர்கள். தெரியும். இதற்கு முன்னாலும் சிலரிடம் கேட்டேன். எல்லோரும் தலையை ஆட்டிவிட்டுத்தான் உள்ளே போனார்கள். நல்ல மனிதர்கள், படித்தவர்கள், ஒருவர் வாத்தியார். கதவைத் தட்டினதும் அத்தனை பேரும் கட்டையும் கையுமாகத்தான் வெளியே வந்தார்கள். வாத்தியார் என் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை. பழக்கம்போல உருவிட்டேன் சார் என்றான் அந்தக் கல்லூரிப் பையன். பழக்கமாம். அவனுக்கு இருபது வயதுகூட இருக்காது. இதையும் பெனிட்டா எழுத வேண்டும். தட்டினால் உருவுகிறவன் உலகத்தில் நான் ஒருவன் மட்டும்தானா?

போங்கள் சார், உங்களைத்தான் கூப்பிடுகிறாள். நான் இங்கேதான் இருப்பேன். தட்டினபிறகும் எரியவிட்டு வருகிற ஒரே ஒரு ஆள் வரட்டும், நான் எழுந்து உள்ளே போகிறேன்.